திருச்சிக்கு எத்தனை மணி நேரம்

தொடக்கநிலை ஆறில் எங்களுக்கு வேகக் கணக்கு நடந்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். இதைக் கற்ற நாளிலிருந்து நான் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அம்மா நடக்கும் வேகத்தைக்கூட அளந்து, ரொம்பக் குறைவு என்று அம்மாவிடமே சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் விமான டிக்கெட் என் கையில் சிக்கியது. மாமா அம்மாவின் தம்பி. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர் விடுதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவார். ஊரில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது மாதமாகியும் கைபேசித் திரையில்தான் பார்த்திருந்தார். பத்து நாள் விடுப்பு கிடைத்ததும் சிராங்கூன் சாலையில் டிக்கெட் எடுத்துக்கொண்டு நேரே எங்களிடம் வந்துவிட்டார்.

எல்லாரும் குழந்தைக்குக் கொலுசு வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் டிக்கெட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். காலை பத்தரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டு பத்துக்குத் திருச்சி. திரும்பும்போது மதியம் ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்கு இங்கே சாங்கி விமான நிலையம். போக ஒன்று நாற்பது, வர ஆறே முக்கால்! தூரம் என்னவோ இரண்டுக்கும் அதே மூவாயிரம் கிலோமீட்டர்தான். போகும்போது பறக்கிற விமானம் வரும்போது நடந்தா வருகிறது?

இந்தியாவில் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் என்று அப்பா விளக்கினார். சப்பென்று இருந்தது. மாமாவின் விளக்கம்தான் எனக்குப் பிடித்தது.

"போறப்ப எல்லாருக்கும் அவசரம். திரும்பி வர யாருக்கும் அவசரமில்ல லா. பைலட்டும் மனுஷன்தானே?"

இதை அளந்து பார்க்காமல் விடுவதா? ஸ்டாப்வாட்ச் உள்ள என் கைக்கடிகாரத்தை மாமாவிடம் கொடுத்தேன். விமானம் தரையை விட்டதும் ஓர் அமுக்கு, தரையைத் தொட்டதும் ஓர் அமுக்கு. மறக்காமலிருக்க அதை மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். பாவம், சொன்னார்.

திருச்சியில் இறங்கியதும் படம் எடுத்து அனுப்பினார். நாலு மணி எட்டு நிமிடம். அப்பா ஜெயித்துவிடுவார் போலிருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மீதிப் பாதிக்காகப் பத்து நாள் பொறுத்திருந்து, மாமாவை அழைத்துவர அப்பாவோடு சாங்கிக்குப் போனேன்.

மாமா வெளியே வந்ததும் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். எண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பத்து மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

"மாமா, ஸ்டாப் பண்ணலையா? எப்ப ஸ்டார்ட் பண்ணீங்க?"

"பாப்பாவ அவ அம்மா கையில குடுத்துட்டுத் திரும்பினேன்ல, அப்ப அமுக்கினேன்."

"அது வீடு லா! பிளேன் மேல போறப்பதானே அமுக்கணும்! எல்லாம் வேஸ்ட்!"

"தப்புதான்மா. அடுத்த தடவை சரியா அமுக்குறேன்."

"நெக்ஸ்ட் டைம் எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆகும்."

இரண்டு வருஷமா! எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நாள் யாரால் காத்திருக்க முடியும் என்று, அத்தனை பேர் நடுவில், மாமாவிடமே கேட்டேன். அவர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "சீக்கிரம் ஓடிரும்மா, சீக்கிரம் ஓடிரும்" என்றார். என்னைத்தான் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.