சதையும் தசையும்

வீடு மாற்றிக் கொடுக்கும் தொழிலில் அவருக்குத் தூண் என்று பெயர். வயிற்றைப் பார்த்து வைத்தார்களா, பலத்தைப் பார்த்து வைத்தார்களா என்று யாரும் விசாரித்ததில்லை. பலம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். பீரோவைப் படியில் இறக்கும்போது கீழ்ப்பக்கம் எப்போதும் அவருடையது. பாரமெல்லாம் அங்கேதான் வந்து விழும். மேல்பக்கம் மனைவியின் தம்பி. பாரம் தன் கைக்கு வந்ததும் "வாங்கிட்டேன்" என்று தூண் குரல் கொடுத்த பிறகுதான் அவன் பிடியைத் தளர்த்துவான். அந்த ஒரு சொல்லை நம்பியே இருவரும் இத்தனை காலம் முழு எலும்போடு வீடு திரும்பியிருந்தார்கள்.

சர்க்கரை வந்து வருஷக்கணக்காகியும் அவர் எடை அசையவில்லை. அதில் அவருக்குக் கர்வம்.

"சர்க்கரைன்னா ஆளு வத்திப்போவான்னு சொல்றான். என்னைப் பாரு" என்பார். பார்த்தவர்களால் மறுத்துச் சொல்ல முடியாது. கதவு நிறைய நின்றுகொண்டிருப்பார்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை மெஷினோடு நிற்காமல் நாடாவை எடுத்தாள். இடுப்பைச் சுற்றி அளந்தாள். கெண்டைக்காலைச் சுற்றியவள், இன்னொரு தரம் சுற்றினாள். பிறகு அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கைப்பிடியைத் தொடாமல் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழச் சொன்னாள். தூண் முன்னால் சாய்ந்தார், பின்னால் சாய்ந்தார், கடைசியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுந்தார்.

"நாற்காலி சரியில்லம்மா. நடுவுல பள்ளம் விழுந்திருக்கு. தொழில்ல இருக்கறவன் சொல்றேன்."

"நாற்காலிக்கு ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்குத்தான் தசை கரைஞ்சிருக்கு."

"சதை கரைஞ்சிருக்கா? அதத்தானே வர்றப்பல்லாம் குறைக்கச் சொல்றீங்க!"

"சதை இல்லண்ணே, தசை. வயித்துல ஏறியிருக்கு, கால்ல இறங்கியிருக்கு. ஏறினது கொழுப்பு, இறங்கினது பலம். ரெண்டும் ஈடாயிடுச்சு, அதான் மெஷின் கண்டுபிடிக்கல. இன்னும் பரிசோதனை இருக்கு, டாக்டர் சொல்ற வரைக்கும் கனமா எதையும் தூக்கிடாதீங்க."

வீட்டில் "சதை கரைஞ்சிருக்காம்" என்று அறிவித்தார். பெரிய பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு எழுத்துதான் இடம் மாறியிருந்தது.

"எங்க கரைஞ்சுது?" என்றாள் மனைவி. "போன மாசம்தானே பெல்ட்டு எட்டலன்னு நுனியில ஆணி வச்சுப் புது ஓட்டை போட்டேன்?"

"கால்ல கரைஞ்சிருக்கும்க்கா" என்றான் தம்பி. "மாமா பேன்ட்டு கீழ பாவாடை மாதிரி ஆடுது பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தூண் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் கெண்டைக்காலை வளைத்துப் பார்த்தார். விரல்கள் சுலபமாகச் சந்தித்துக்கொண்டன.

மறுநாள் மாடி வீடு ஒன்றிலிருந்து இரும்புப் பீரோ இறங்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் மைத்துனனிடம் சொல்ல வாயெடுத்தார். கீழ்ப்பக்கத்தை விட்டால் தூண் எதை வைத்துத் தூண்? பழக்கத்தில் கால்கள் கீழ்ப்படிக்கே போய் நின்றன.

படி திரும்பும் இடத்தில் பாரம் சரிந்து வந்தது. தொடை கிடுகிடுவென ஆடியது.

"மாமா, வாங்கிட்டீங்களா?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் மேலே பிடி தளரும். பீரோ, தூண், பின்னாலேயே மைத்துனன் என்று வரிசையாக உருள வேண்டியதுதான்.

"வாங்கல."

"என்னது?"

"வாங்கல மாப்ள. விட்டுடாத. என்னால முடியல."

மேலே சிரிப்பு எழவில்லை. "சுவத்துப் பக்கம் சாயுங்க மாமா... மெதுவா... ம்" என்று மட்டும் கேட்டது. பீரோ சுவரை உரசிக்கொண்டு படியில் உட்கார்ந்தது. தூணும் உட்கார்ந்தார். மைத்துனன் இடுக்கில் நுழைந்து இறங்கி வந்தான்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"நேத்தே சொன்னேனே. தசை."

"சதைன்னு சொன்னீங்க."

தூண் எழப் பார்த்தார், படிக்குக் கைப்பிடி இல்லை. மைத்துனன் கையை நீட்டினான். பிடித்தவர் உடனே பாரத்தைக் கொடுத்துவிடவில்லை.

"வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் மாமா."

அவன் குரலில் கேலியே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.