மூன்று நாள் தொடக்கூடாத கம்பி

ராசாங்கம் அண்ணன் டைல்ஸ் ஒட்டிய சுவரை எங்கே தட்டினாலும் கெட்டியாக ‘டொக்’ என்று சத்தம் வரும். அரியலூரிலிருந்து மீன்சுருட்டி வரைக்கும் அவருக்கு அந்தப் பெயர் இருந்தது. கலவையை டைலின் முதுகு முழுக்கத் தடவித்தான் ஒட்டுவார். நடுவில் ஒரு உருண்டையை வைத்து அமுக்கிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் வேலை நடக்கிற இடத்திலேயே திட்டிவிடுவார்.

அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். இவர் சின்ன வயதிலேயே கேரளாவுக்குப் போய், கலவை சுமந்து தொழில் கற்று, எங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டினார். குளியலறைக்கு மட்டும் டைல் வாங்கவில்லை. வேலை செய்த வீடுகளில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்து, அசந்துபோன சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டினார். ஒரு வரிசை நீலம், ஒரு வரிசை ரோஜாப்பூ, மூலையில் கறுப்பு. “இது வைத்திலிங்கம் சார் வூடு, இது டாக்டரம்மா வூடு” என்று அவர் மனைவி சிந்தாமணி அக்கா சுவரைக் காட்டிச் சிரிப்பார். “ஊர்ல இருக்கிற எல்லா வூட்டுக்குள்ளயும் நின்னு குளிக்கிறேன்.”

போன மாதம் அக்கா அங்கேதான் வழுக்கினார். விழும்போது துண்டு போடும் கம்பியை எட்டிப் பிடித்திருக்கிறார். அது ரோஜாப்பூ டைலோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து, திருச்சியில் ஆபரேஷன். ஆட்டோ போன பிறகு, பின்னாலேயே கிளம்பும் முன் அண்ணன் அந்த டைலைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரே ஒரு உருண்டை காய்ந்து கிடந்தது. அப்படியே கவிழ்த்து வைத்தார்.

இனிமேல் பிடித்து எழ, கனமான கம்பி ஒன்று சுவரில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெஸ்டர்ன் டாய்லெட்டை முந்தின வாரமே வைத்தாயிற்று. சுவர்தான் பாக்கி. மகள் மணிமொழியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் உளியை எடுத்தார். அக்கா வர வியாழக்கிழமை ஆகும். கலவை இறுக மூன்று நாள் தொடாமல் விட வேண்டும், அதுவரை நாள் இருக்கிறது. கூட ஒரு கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

சோப்பு ஸ்டாண்டைக் கழற்றினார். துண்டுக் கம்பியின் மறுமுனைப் பிடியைத் திருகி எடுத்தார். பிறகு விரலை மடக்கிச் சுவர் நெடுக்கத் தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் வெற்றுச் சத்தம். எத்தனையோ வீட்டுச் சுவர்களைக் கவலையில்லாமல் உடைத்த கை, முதல் அடிக்கு முன்னால் அப்படியே நின்றது. கம்பி வரவேண்டிய பக்கத்தைச் செங்கல் தெரிகிற வரைக்கும் பெயர்த்தார். செங்கலும் பொடிந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டி, போல்ட்டுகளைச் சிமென்ட்டில் புதைத்துக் கம்பியை நிறுத்தி, சுற்றிலும் டைல்களை ஒட்டினார். இந்த முறை முதுகு முழுக்கக் கலவை.

மதியம் ஊருக்குப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தினமும் வைப்பதுதான், பாத்திரம் அதிரும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். அன்றைக்கு அண்ணன் இரண்டு உள்ளங்கையையும் ஈரச் சுவரில் பதித்து, நெற்றியையும் முட்டுக்கொடுத்து நின்றார். அதிர்வு அடங்கி நெடுநேரம் ஆகியும் கையை எடுக்கவில்லை.

அப்போதுதான் மணிமொழி போனில் கூப்பிட்டாள். வார்டில் இடம் இல்லையாம், இன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம். வண்டி பெரம்பலூரைத் தாண்டிவிட்டது.

அண்ணன் கம்பியைப் பார்த்தார். பளபளவென்று, பிடித்துக்கொள் என்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். எங்கள் வாசலில் மூன்று படி. அக்காவால் ஏற முடியாது.

வந்து இறங்கியதும் அக்கா முதலில் கேட்டது பாத்ரூமைத்தான். வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார். மணிமொழி எழுந்தாள். அவளுக்கு நிறைமாதம், அண்ணன் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே கூடப் போனார். நான் சங்கடப்பட்டு வெளியே வந்து வாசலில் நின்றேன். பேச்சு மட்டும் கேட்டது.

“கம்பியப் புடிக்காத புள்ள. ஈரம்.”

“பின்ன எதுக்குய்யா வச்சே, பொட்டு வச்சுக் கும்புடவா?”

வாளி ஒன்று உருண்டது. மணிமொழி எழுந்துவிட்டாள்.

“ஆடுதேய்யா,” என்றது அக்காவின் குரல்.

“கம்பி இல்ல. என் கை.”

அவர்கள் வெளியே வந்தபோது அண்ணனின் மணிக்கட்டில் நகம் பதிந்து சிவந்திருந்தது. அக்காவின் கை தன்னால் கம்பிக்குத்தான் போயிருக்கிறது. இவர் தன் கையைக் குறுக்கே கொடுத்திருக்கிறார்.

அக்காவைப் படுக்க வைத்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போனார். ஒரு கத்தை கருவேல முள்ளோடு திரும்பி வந்து, மரக்கன்றுக்கு வேலி கட்டுகிற மாதிரி, கம்பியைச் சுற்றி முள்ளை வைத்துச் சணலால் கட்டினார்.

மறுநாள் காலையில் அவர் தோளைப் பிடித்து உள்ளே போன அக்கா அதைப் பார்த்துவிட்டார்.

“அடப்பாவி மனுசா. தெரியாம புடிச்சேன்னா கை கிழிஞ்சிடாதா?”

“கிழிஞ்சா மருந்து போட்டுக்கலாம்,” என்றார் அண்ணன்.