நியூட்றலில் இறங்கிய வேன்

2007 ஜூனில் அந்த வேன் எங்கள் ஹட்டன் வீட்டு வாசலுக்கு வந்தது. 2009 ஜனவரியில் அதை விற்றுத் தொலைத்தேன். இடைப்பட்ட காலத்தில் அதன் ஓட்டத்தையும் செலவையும் குறிக்கவே தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றை எழுதி நிரப்பினேன். என் கையெழுத்தில் நானே வெறுக்கும் புத்தகம் அது ஒன்றுதான்.

ஜப்பானில் ஓடிப் பழசான ஹைபிரிட் வேன். பெற்றோல் எஞ்சினோடு ஒரு மின் மோட்டார். மோட்டாருக்கான பெரிய பெற்றரி பின் இருக்கையின் அடியில். கொழும்பில் தேடிப்பிடித்துத் தந்தவர் என் மனைவியின் அண்ணன். “பெற்றோல்ல பாதி மிச்சம் மாப்ள. கேள்வியே கேக்காம வாங்குங்க” என்றார். கேட்காமல்தான் வாங்கினேன்.

வாங்கியது மனைவிக்காக. திம்புள்ளப் பக்கத்துப் பள்ளியொன்றில் அவள் ஆசிரியை. இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணிலும் படர்ந்துகொண்டிருந்தது. பஸ் படி தெரியாமல் இரண்டு தடவை விழுந்திருந்தாள். கண்டி கிளினிக்குக்கு இனி பஸ்ஸில் கூட்டிப்போவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பெற்றோல் மிச்சமானது உண்மை. அந்த மிச்சத்தை மற்றதெல்லாம் தின்றது. ஹட்டன் ஈரத்தில் தானியங்கிக் கதவின் மோட்டார் கெட்டு, மல்லியப்புச் சந்தியில், கொட்டும் மழையில், கதவு தானாகத் திறந்துகொண்டது. முன் பிரேக் பேட்களை ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றினேன். உள்ளூர் கராஜில் பெற்றரி மூடியைத் தொடவே மறுத்தார்கள். “அதுல கை வச்சா ஆளையே தூக்கிருமுங்க” என்றான் ஒருவன். வண்டியோடு வந்த கையேடு முழுக்க ஜப்பானிய எழுத்து. மளிகைச் சாமான் சுற்றிவந்த தாளைக்கூட வாசிக்காமல் எறியாத நான், அதை மட்டும் மூடி வைத்தேன்.

மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. இறக்கத்தில் பெற்றோல் எரிப்பவனை நாங்கள் டிரைவராகவே மதிப்பதில்லை. வட்டவளை தாண்டியதும் கியரை நியூட்றலில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வளைவு வளைவாக இறங்குவோம். 1991இலிருந்து நான் அப்படித்தான் ஓட்டினேன். இந்த வேனிலும் ஒவ்வோர் இறக்கத்தையும் நாள், கிழமையோடு குறித்து, பக்கத்தில் ‘நியூட்றல்’ என்று எழுதிவைத்தேன்.

2008 ஜூலையில் மனைவிக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைத்தது. காலை எட்டு மணிக்குள் கண்டியில் இருக்க வேண்டும். கினிகத்தேனையைக் கடந்து நாவலப்பிட்டிப் பாதையில் இறங்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வளைவில் வேன் நின்றுவிட்டது. பிறகு அசையவே இல்லை. இரண்டு பஸ்கள் நிரம்பி வழிந்து போயின. மூன்றாவதில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. அவள் முறை போய்விட்டது. அடுத்த தேதி டிசம்பரில்தான் கிடைத்தது.

அன்று மாலையே அவள் அண்ணனுக்குத் தொலைபேசினேன். “குப்பைய எங்க தலையில கட்டிட்டீங்களே மச்சான்! ஒங்க தங்கச்சி கண்ணு போனா நீங்கதான் பொறுப்பு” என்று கத்தினேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வேனை நாவலப்பிட்டியில், இந்த வகை வண்டிகளில் வேலை தெரிந்த ஒருவரின் கராஜுக்கு இழுத்துப்போனோம். மறுநாள், என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்ட அவரிடம் கொப்பியைக் கொடுத்தேன். நின்றபடியே நாலு பக்கம் புரட்டினார்.

“சேர், இதெல்லாம் நீங்க எழுதுனதா?”

“ஆமா.”

“அப்ப பெற்றரி ஏன் செத்துச்சுன்னு என்னைய எதுக்குக் கேக்குறீங்க? இறக்கத்துல கியர்ல விட்டா சக்கரம் சுத்துறதுலயே பெற்றரிக்குச் சாப்பாடு. வண்டிய இழுத்துப் பிடிக்கிறதும் அந்த மோட்டார்தான். நியூட்றல்ல போட்டா ரெண்டும் கெடையாது. ஒரு வருசமா பட்டினி போட்டிருக்கீங்க. பிரேக்கும் அதான் தேஞ்சிருக்கு. இது தேயில லொறி இல்லீங்க.”

புதுப் பெற்றரிக்கு அவர் சொன்ன விலைக்குப் பழைய ஆட்டோ ஒன்று வாங்கலாம்.

வீட்டில், “பெற்றரி பழசு, அவ்வளவுதான்” என்றேன். மச்சானிடம் எதையும் திருத்திச் சொல்லவில்லை. வெட்கம் என்று சொல்ல முடியாது. அந்த வேனைக் கொண்டுவந்தவர் மீதிருந்த கோபத்தை விட மனம் வரவில்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. பெற்றரி பழசு என்று எப்படிச் சொல்லலாம் என்று கராஜ்காரரிடம் சண்டைக்குப் போய், விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தங்கையிடம் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தக் கொப்பிய எடுத்து வாசிங்க. எனக்குத்தான் எழுத்துத் தெரியலையே.”

வாசித்தேன். நாள், கிழமை, ஹட்டன், கினிகத்தேனை, நியூட்றல். நடுவில் நிறுத்தினால், “ம், மேல” என்றாள். கடைசிப் பக்கம்வரை விடவில்லை. அன்றைக்கும் அதன் பிறகும் அவள் என்னைத் திட்டவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள். செப்டம்பரில் அவளுடைய வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். கரும்பலகையில் தான் எழுதியதே அவளுக்குத் தெரியவில்லை.

டிசம்பரில் பஸ்ஸில் போனோம். படியில் ஏற நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, கம்பியைத் தடவி அவளே ஏறினாள். வட்டவளை இறக்கத்தில் எஞ்சின் பெரிதாக உறுமியது.

“இந்த டிரைவரு கியர்லதான எறங்குறாரு?” என்றாள்.

“ஆமா.”

“எழுதி வச்சிக்குங்க.”