விரதப் பருப்பில் மீன்தலை

எழுதலாமா என்று ஆறு வருடம் தயங்கினேன். கோபம் மட்டும் ஆறவில்லை.

லண்டன் பிரிக் லேனில் வங்காளிச் சாப்பாட்டுக் கடைகளையும் பழைய தெருக்களையும் எங்களுக்குச் சுற்றிக் காட்டிய வங்காளி வழிகாட்டி அவர். மெலிந்த மனிதர், சிவப்பு மப்ளர். ஒவ்வொரு தட்டையும் நெற்றியில் தொட்டுத்தான் நீட்டுவார். அதைப் பார்த்து, பக்தியுள்ளவர் என்று நம்பிவிட்டேன்.

"இறைச்சி வேண்டாம், தம்பி. மகளுக்குச் சுகமில்லை, கோயில் அம்மாளுக்கு நேர்ந்து விரதம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

பருப்பைப் பாதி உண்டபின் அடியில் மீன்தலை முழித்தது.

"என்ர நேர்த்தியைக் கெடுத்திட்டியே, பாவி!"

திகைத்துப்போய் ஆங்கிலத்திலேயே சொன்னார். "அக்கா, எங்கட அம்மாளுக்கே மீன் படைக்கிறனாங்கள். பிள்ளைக்கெண்டு சொன்னீங்கள், அதாலதான் நல்ல தலையாப் பார்த்துப் போடுவிச்சனான்."

தட்டைத் தள்ளிவிட்டு வந்தேன்.

மகள் தேறிவிட்டாள். அம்மாள் இரங்கியது என் பாதி விரதத்துக்கா, அவருடைய மீன்தலைக்கா என்று நினைத்தாலே நெஞ்சு எரிகிறது. இதை மற்றவர்களுக்குச் சொல்பவர்கள் என் கோபத்தைக் குறைக்காமல், அவர் சொன்னதையும் மாற்றாமல் சொல்லுங்கள்.