வெள்ளையடிக்காத கிழக்குப் பக்கம்

எங்கள் மணிக்கூண்டில் வல்லூறுகள் குடியேறிய வருஷம் எனக்கு எட்டு வயது. உயரம்தான் வேண்டுமென்றால் சங்கரன்கோவிலில் ஊர் நடுவே ஒன்பது நிலைக் கோபுரம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, அதில் பாதி உயரம்கூட இல்லாத, கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்கோயில் மணிக்கூண்டை அந்த ஜோடி எதற்காகப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் சபையார் வாயால் அலுத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டார்கள் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அப்பா அதை வல்லூறு என்றார். சித்தப்பா பைரி என்றார். மணியடிப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது என்று கோயில் வேலையெல்லாம் பார்த்த கோயில்குட்டியார் சனியன் என்றார். காலையில் எச்சத்தைக் கழுவுகிறவர் அவர்தானே.

கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். எங்கள் வீட்டு மொட்டைமாடியான தட்டட்டியில் ஏறி நின்றால் மணிக்கூண்டின் கிழக்கு முகம் நேரே தெரியும். மணி தொங்கும் மாடத்துக்குக் கீழே ஒரு முழ அகலத்தில் விளிம்பு ஒன்று உண்டு. சுள்ளி இல்லை, பஞ்சு இல்லை, உதிர்ந்த காரையின் மேலேயே முட்டையிட்டுவிட்டு அந்தப் பெட்டை உட்கார்ந்திருந்தது. கறுத்த தலை, மஞ்சள் கால், செம்மண் பூசிய மாதிரி வயிறு. ஆண் அதைவிடச் சிறியது. இரை கொண்டு வரும்போது பெட்டை பறந்து போய் ஆகாயத்திலேயே வாங்கிக்கொள்ளும். அந்தக் காட்சிக்காகவே நான் பள்ளிக்கூடம் விட்டதும் பையைப் போட்டுவிட்டு மேலே ஓடுவேன்.

அங்கேதான் சிக்கல். அதே தட்டட்டியில்தான் சித்தப்பாவின் புறாக்கூண்டுகளும் இருந்தன. பருத்தி அரவை மில்லில் வேலை பார்த்த நேரம் போக மிச்சமெல்லாம் அவருக்குப் புறாதான். கல்யாணமாகி ஆறேழு வருஷமாகியும் அவருக்கும் சித்திக்கும் பிள்ளை இல்லாததால், அவர் புறாவோடு பேசுவதை யாரும் கேலி செய்யக் கூடாது என்று அம்மா எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வானத்தில் கரணம் போடும் அந்தப் புறாக்களை வல்லூறுகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயின. நான் சித்தப்பா பக்கத்தில் நின்று ‘அய்யோ பாவம்’ என்பேன். மனசு மட்டும் மணிக்கூண்டுப் பக்கம் இருந்தது. இதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

குருத்தோலை ஞாயிறன்று விஷயம் முற்றிவிட்டது. ஓலையும் பாட்டுமாகப் பவனி கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்த நேரம், மேலே ஒரு சத்தம். ஈரத்துணியை உதறின மாதிரி இருந்தது. அடுத்த நொடி ஒரு வெள்ளைப் புறா, தலையில்லாமல், ஐயரின் அங்கி மேல் விழுந்தது. ஐயர் என்று நாங்கள் சொல்வது எங்கள் போதகரை. சலவை மடிப்புக் கலையாத அங்கியில் நெஞ்சோடு ரத்தம். பாடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதி அழுதது, பாதி சிரித்தது. நான் சிரித்த பாதி. விழுந்தது சித்தப்பாவின் செல்லப் பெட்டை என்று தெரிந்ததும் ஓலையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் சபைக் கமிட்டி கூடியது. கூட்டைக் கலைக்க வேண்டும் என்பதற்கும் வசனம் இருந்தது, கலைக்கக் கூடாது என்பதற்கும் வசனம் இருந்தது. கடைசியில் அங்கிதான் ஜெயித்தது. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மணிக்கூண்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். மேல்பாகத்துக்குக் கூலியாள் ஏறப் பயப்படுவதால், அதை ஊழியமாக நினைத்துச் செய்கிறவர் சித்தப்பா. கூட்டை அப்போதே அவர் கலைத்துவிட வேண்டியது என்று முடிவாயிற்று.

“ஒரு மம்பட்டி போதும். வாரிக் கீழ போட்டுருதேன், ஒரு அள்ளுக்குக் காணாது,” என்றார் சித்தப்பா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் முட்டைகள் பொரிந்திருந்தன. விளிம்புக்கு மேலே வெள்ளை வெள்ளையாகத் தலைகள் ஆடுவதை நான் பார்த்திருந்தேன்.

வீட்டில் யாரிடமாவது சொல்லி அழலாமென்றால் ஆள் இல்லை. அப்பா கமிட்டியில் கை தூக்கியவர். சித்தியோ சில வாரங்களாகவே ஒரு மாதிரியாக இருந்தாள். தாளிக்கிற வாசம் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள், சோற்றைத் தள்ளிவைத்தாள், படுத்தே கிடந்தாள். அவளைக் குடம் தூக்க விடாமல் அம்மாவே தண்ணீர் சுமந்தாள். செத்துப்போன புறாக்களுக்காக சித்தி உண்ணாவிரதம் இருக்கிறாள் என்று நான் முடிவு செய்திருந்தேன். அம்மாவிடம் கேட்டதற்கு, “வெயிலுதான்ட்டி, வேற என்ன?” என்று சொல்லிவிட்டு, எனக்கு வைத்திருந்த மாங்காயையும் எடுத்துச் சித்தியிடம் கொடுத்தாள்.

ஆகவே பெரிய வெள்ளி ஆராதனையில் நான் ஆண்டவரிடமே நேரடியாகப் பேசினேன். ஏணி முறிய வேண்டும் என்று முதலில் கேட்டேன். சித்தப்பா விழுந்துவிடுவாரே என்று உறைத்ததும், அதை அவசரமாக ரத்து செய்துவிட்டு, கிழக்குப் பக்கம் வரும்போது சுண்ணாம்பு தீர்ந்துபோக வேண்டும் என்று மாற்றிக் கேட்டேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினார். மம்பட்டியை முதுகில் கயிற்றால் கட்டியிருந்தார். “பாத்து ஏறும் வே,” என்று சொல்லிவிட்டுக் கோயில்குட்டியார் கீழே நின்று சுண்ணாம்பு வாளியை ராட்டினக் கயிற்றில் மாட்டி இழுத்துக் கொடுத்தார். மேற்கு முடிந்தது, தெற்கு முடிந்தது, வடக்கும் முடிந்தது. நான் தட்டட்டியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். சித்தி. படுத்தே கிடந்தவள் எப்போது படியேறினாள் என்று தெரியவில்லை.

சித்தப்பா கிழக்கு விளிம்பில் கால் வைத்தார். பெட்டை கத்திக்கொண்டு மேலே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவர் தலையில் அறைந்தது. துண்டு கழன்று விழுந்து, கோயில் முற்றம்வரை பறந்து போயிற்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு கையால் மம்பட்டியை அவிழ்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் மம்பட்டியை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார். கூட்டைப் பார்த்தார். பிறகு திரும்பி எங்கள் தட்டட்டியைப் பார்த்தார். சித்தி வேண்டாம் என்று லேசாகத் தலையை மட்டும் அசைத்தாள்.

சித்தப்பா இறங்கிவிட்டார். நான் படியில் உருண்டு விழாத குறையாக முற்றத்துக்கு ஓடினேன்.

“சுண்ணாம்பு தீந்துபோச்சு, அண்ணாச்சி,” என்றார். அவர் நெற்றியில் ரத்தம் கோடாக வழிந்திருந்தது.

கோயில்குட்டியார் வாளியைப் பார்த்தார். அரை வாளிக்கு மேல் சுண்ணாம்பு இருந்தது, நானே பார்த்தேன். அவர் நிமிர்ந்து எங்கள் தட்டட்டியைப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கி மிச்சத்தையெல்லாம் வேப்பமரத்தடியில் ஊற்றினார். “ஆமா, தீந்துபோச்சு,” என்றார்.

சத்தம் கேட்டு ஐயர் வெளியே வந்தார். வாரா வாரம் சகுனத்தையும் சாங்கியத்தையும் அஞ்ஞானப் பழக்கம் என்று பிரசங்கபீடத்திலிருந்து கிழித்துத் தொங்கவிடுகிறவர் அவர். சித்தப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றார். ஐயர் மணிக்கூண்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, “வீட்டுல எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

“நல்லா இருக்காவய்யா.”

“அப்ப சரி. கிழக்குப் பக்கத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஒரே ஜெபத்தில் அரை வாளிச் சுண்ணாம்பைத் தீர்த்துவைத்தவள் நான். அந்தத் தெம்பில் கணக்குப் பரீட்சைக்கும் படிக்காமல் ஜெபம் மட்டும் செய்துவிட்டுப் போனேன். அது பலிக்கவில்லை.

குஞ்சுகள் பறக்கும்வரை சித்தப்பா புறாக்களைக் கூண்டைவிட்டு வெளியே விடவில்லை. சாயங்காலங்களில் நாங்கள் மூன்று பேரும் தட்டட்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். சித்தி மடியில் மாங்காய்க் கீற்று. எனக்கு இரண்டு கீற்றுதான் கிடைக்கும் என்ற குறையைத் தவிர அந்தக் கோடையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கோபுரத்துப் பக்கம் பறந்து பழகின. புறாவுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் மாதிரி சித்தப்பா அவற்றின் பறப்பில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் எனக்கு ஒரு தங்கச்சி வந்தாள். ஞானஸ்நானத்தன்றும் ஐயர் பிரசங்கத்தில் அஞ்ஞானப் பழக்கங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். சித்தப்பா, சித்தி, அப்பா, அம்மா, கோயில்குட்டியார் எல்லாரும் உரக்க ஆமென் சொன்னார்கள்.

வெகுகாலம் கழித்து நான் முதல் பிள்ளையைச் சுமந்தபோது, கிறிஸ்தவக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் என் வீட்டுக்காரர், எலிப்பொறியைச் சத்தமில்லாமல் எடுத்துப் பரண்மேல் வைத்தார். கேட்டதற்கு, ஸ்பிரிங் போய்விட்டது என்றார். எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையுண்டான வீட்டுக்காரன் ஓர் உயிரைக் கொல்லக் கூடாது, கூட்டைக் கலைக்கக் கூடாது. எந்தப் பிரசங்கத்தாலும் அதை எங்கள் வீடுகளிலிருந்து கிளப்ப முடியவில்லை. வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுவோம், அவ்வளவுதான். பரணைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

ஞானஸ்நானத்தன்று நானும்தான் ஆமென் சொன்னேன், எல்லாரையும்விட உரக்க. ஜன்னல் வழியே அழுக்காகத் தெரிந்த அந்தக் கிழக்குச் சுவருக்கும் சித்தியின் கையில் கிடந்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. சுண்ணாம்பைத் தீர்த்துவைத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.