குறிப்புக் கட்டத்தில் நான் எழுதாத வரி

ரேங்க் கார்டு எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. இரண்டு கார்டு எழுதுவேன், எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், திரும்ப வந்து எழுதியதையே படித்துப் பார்ப்பேன். முன்பெல்லாம் இப்படியில்லை. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலத்தில், முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கியவர்களின் கார்டுகளைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, கடைசியில் இருக்கும் குறிப்புக் கட்டத்தில் ‘முயற்சி போதாது’ என்று ஒரே மூச்சில் எழுதித் தள்ளுவேன். போன பரீட்சையில் என்ன வாங்கினார்கள் என்று பக்கத்துக் கட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதைச் சுறுசுறுப்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி எழுதப்பட்ட ஒரு மாணவியின் அம்மா, விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி வழவழப்பாக்கும் வேலை. அரையாண்டுக் கார்டு கொடுத்த ஐந்தாம் நாள், கையில் வெள்ளை மண் காய்ந்திருக்க, பள்ளி வராந்தாவில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் மகளைப் பற்றி நாலு புகாரைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவரோ கும்பிட்டார்.

“பொங்கலோட பொண்ண நிறுத்திட்டு எங்கூட கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்னு இருந்தேன் டீச்சர். கணக்கு வரலன்னு தெனம் அழுவுது. எனக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. கார்ட அந்தப் புள்ளதான் படிச்சுக் காட்டுச்சு. நல்லா முயற்சி பண்றா, இன்னும் மேல வருவான்னு எழுதியிருக்கீங்களே. அப்புறம் எப்படிங்க நிறுத்துவேன்?”

நான் அப்படி எழுதவில்லை. “ஆமாங்க, படிக்கட்டும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் போனதும் மார்க் பதிவேட்டைப் புரட்டினேன். காலாண்டில் பதினொன்று, அரையாண்டில் இருபத்தொன்பது. விடைத்தாள் கட்டையும் பிரித்தேன். ஒரு கணக்கையும் விடாமல் போட்டிருந்தாள். விடை தப்பிய இடங்களிலும் பாதிவரை வழி சரியாக இருந்தது. திருத்தியவள் நான்தான். மார்க்கைக் கூட்டினேனே தவிர அவள் வந்த தூரத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மதியம் அவளைக் கார்டோடு வரச் சொன்னேன். பேனாவைத் திறந்து, தப்பாக எழுதிவிட்டேன், அடித்துவிட்டு மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அவள் கார்டை விடவில்லை.

“வேணாம் டீச்சர். அடிச்சிருந்தா ஏன்னு அம்மா கேப்பாங்க.”

அதனால் வாயால்தான் சொல்ல முடிந்தது. பதினொன்றிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், நீ கணக்குப் போட்ட வழியெல்லாம் பார்த்தேன், நன்றாக உழைத்திருக்கிறாய் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அம்மா வந்து போனதால் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். அதற்கப்புறம் எத்தனையோ தடவை பாராட்டினேன். எதுவும் அவளிடம் போய்ச் சேர்ந்த மாதிரி தெரியவில்லை.

இப்போது அவள் நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறாள். கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“நீங்க எழுதுன அந்த ஒரு வரிதான் டீச்சர்.”

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி நான் கையை உருவிக்கொள்கிறேன்.