கதவருகே கேட்ட கேள்வி

மார்சியானா பஸ்ஸில் ஏறினால் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். கல்யாணமான நாளிலிருந்து என்கர்னசியோன் ஊருக்குப் போகும் சாலையில் தலைக்கூடையோடு பஸ் பஸ்ஸாக ஏறி சிப்பா விற்று வந்தவள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து சுட்ட ரொட்டி அது. "வாங்கலன்னா பரவாயில்ல ராசா, மோந்து பாரு. ஆனா மோந்தா காசு!" என்பாள். பஸ்ஸே சிரிக்கும்.

அந்த வாய், மாவட்ட ஆஸ்பத்திரியில் சர்ஜன் அறைக்குள் நுழைந்ததும் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு வலது அடிவயிற்றில் ஒரு புடைப்பு. கூடை தூக்கினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். டாக்டர் ரிவெரோஸ் இருமச் சொல்லி அழுத்திப் பார்த்தார்.

"குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான். நர்ஸ் தேதி சொல்லுவாங்க."

சொல்லும்போதே அவர் கை அடுத்த ஆளின் ஃபைலுக்குப் போயிருந்தது. கெட்ட மனிதர் இல்லை. நடை நிறைய ஜனம். மத்தியானத்துக்குள் அத்தனை பேரையும் பார்த்துவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டும். மார்சியானா "சரிங்க டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

குறித்த நாளில் அவள் போகவில்லை. டாக்டர் ஊரில் இல்லை என்று புருஷன் கிரிஸ்பீனிடம் புளுகினாள். மறுதேதி வாங்கி, ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பினாள். பிறகு ஒருநாள் ஓடும் பஸ்ஸிலேயே புடைப்பு உள்ளே போகாமல் கல்லாகிவிட்டது. வலியில் படிக்கட்டில் சுருண்டாள். வீட்டில் வெகுநேரம் மல்லாந்து படுத்த பிறகுதான் அது உள்ளே போனது. மறுநாள் கிரிஸ்பீன் அவளை இழுக்காத குறையாகக் கூட்டி வந்தான்.

"ரெண்டு தடவை உங்களுக்குன்னு கட்டில் ஒதுக்கி வச்சோம், மார்சியானாம்மா. வேற ஒருத்தருக்காவது ஆயிருக்கும்," என்றார் டாக்டர், கண்ணைத் தூக்காமல்.

அவள் தலைகுனிந்து நின்றாள். புதுத் தேதி சொன்னார். தலையாட்டிவிட்டுக் கதவுவரை போனவள், பிடியில் கைவைத்தபடி நின்றாள்.

"டாக்டர்... நான் முழிச்சிப்பேனா?"

அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்தினார். "என்ன கேட்டீங்க?"

"என் தங்கச்சி இலாரியா பிரசவ ஆபரேஷனுக்குச் சிரிச்சுக்கிட்டே உள்ள போனா. சின்ன ஆபரேஷன்தான்னாங்க. அப்புறம் அவ கண்ணே தொறக்கல. ஏன்னு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லல."

ரிவெரோஸ் எழுந்து வந்து, அவளை மறுபடி உட்காரவைத்து, தன் நாற்காலியையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க தங்கச்சிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆபத்தே இல்லன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ரொம்பக் கம்மி. இப்படியே விட்டு, குடல் சிக்கிக்கிட்டா அதுதான் பெரிய ஆபத்து. உங்களுக்கு மயக்கமே வேணாம். முதுகுல ஒரு ஊசி, இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும். நீங்க முழிச்சிக்கிட்டேதான் இருப்பீங்க."

"முழிச்சிக்கிட்டேவா? பேசலாமா?"

"பேசுங்க."

வெளியே கதவு தடதடத்தது. "உள்ள என்ன கல்யாணமா நடக்குது?" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"பொறு தாத்தா! உன் முறை வந்தா நீயும் நல்லாக் கேட்டுட்டு வா!" பஸ் முழுக்கக் கேட்கும் அதே குரல். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆபரேஷன் அன்று விடியுமுன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். தையல் போட்டு முடியும்வரை, மாவில் சோம்பு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று மயக்க மருந்து டாக்டருக்கு வகுப்பெடுத்தாள். அதற்கப்புறம் ரிவெரோஸ் யாரையும் அனுப்புமுன், "மனசுல வேற ஏதாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் மட்டும் நேரமாகும். சாப்பாடு ஆறிப்போவதாக நர்ஸ் முணுமுணுப்பாள்.

கனம் தூக்கக் கூடாதென்று சொல்லிவிட்டதால் கூடை கிரிஸ்பீன் கைக்கு வந்தது. கூச்ச சுபாவி, பஸ்ஸில் ஏறினால் காது சிவந்து நிற்பான். முன் ஸீட்டில் உட்கார்ந்து மார்சியானாதான் கத்துவாள்: "சிப்பா! சூடான சிப்பா! விக்கிறவர் வெக்கப்படுவார், நீங்க வெக்கப்படாம வாங்குங்க!"

"சும்மா இருடி," என்பான் அவன், மீதிச் சில்லறை கொடுக்க மறந்து.